ஒழுகும் கூரைக்கு யார் பொறுப்பு?

விடுதியில் இடம் கிடைக்காத நம் தமிழ் மாணவர்கள் தில்லியில் எங்கே தங்குகிறார்கள் என்பது சங்க உறுப்பினர் யாவரும் அறிந்ததே. விஜய் நகரிலோ முகர்ஜி நகரிலோ ஒரு மூன்றாம் மாடி அறை. அல்லது மொட்டைமாடியில் 'பர்சாத்தி' என்று இவ்வூரார் அழைக்கும் ஒற்றை அறை. மழை தொடங்கியதும் சுவரில் ஓதம் ஏறுகிறது. புத்தகங்களில் பூசணம் படர்கிறது. வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நாமும், குடியிருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவரும் இருந்துவிடுகிறோம். சட்டம் பயில்கின்றவன் என்ற முறையில், இதில் யார் கடமை எது என்பதை நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைச் சட்டம் நம்மைக் காக்கும் என்று பலர் நம்புகின்றனர். அதன் 44-ஆம் பிரிவு, வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது உரிமையாளர் கடமை என்கிறது. எழுத்து மூலம் அறிவித்தும் அவர் கவனியாவிடில், நாமே செப்பனிட்டு, ஓராண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கழித்துக்கொள்ளலாம். நல்ல பிரிவுதான். ஆனால் 1988-இல் செய்த திருத்தத்தின்படி, மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய இடங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. அந்தத் தொகைக்கு இன்று மாடிப்படியின் அடியிலாவது இடம் கிடைக்குமா?

ஆகவே நமக்கு எஞ்சுவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108-ஆம் பிரிவின்படி, சாதாரணக் கவனத்தால் நாம் கண்டறிய முடியாத முக்கியக் குறை எதையும் தாம் அறிந்திருந்தால் உரிமையாளர் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கறையைப் பார்க்க வேண்டியவர் நாமே. அவர் செய்யக் கடமைப்பட்ட மராமத்தை அறிவிப்புக்குப் பின்னும் உரிய காலத்தில் செய்யாவிடில், நாமே செய்து செலவை வட்டியுடன் வாடகையில் கழிக்கலாம்.

நுட்பம் இங்கேதான் இருக்கிறது. 'கடமைப்பட்ட' என்கிறதே, அக்கடமை எங்கிருந்து வருகிறது? இச்சட்டம் பொதுவாக அதை உரிமையாளர்மேல் சுமத்தவில்லை. பெரும்பாலும் ஒப்பந்தத்திலிருந்தே அது பிறக்கிறது. நமக்கு நீட்டப்படும் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகை, முன்பணம், வெளியேறும் நாள் எல்லாம் இருக்கும். கூரையைப் பற்றி ஒரு வரியும் இராது. (ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும், பதினொரு மாதத்தின் இரகசியம் அதுவே.) கையெழுத்திடும் முன் அந்த வரியைக் கேட்டு எழுதிக்கொள்ளாதவன், பின்னர் நீதியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயன் குறைவு.

என்ன எழுதுவது? 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரிக் குத்தகைச் சட்டம் நல்ல வழிகாட்டி. அது மாதிரிதான், ஒரு மாநிலம் தன் சட்டமாக்கினாலன்றிச் செல்லாது. ஆனால் அதன் பங்கீட்டை ஒப்பந்தத்தில் சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை. கட்டட அமைப்பு, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி ஆகியவை உரிமையாளருக்கு. குழாய்த் திருகு, சாக்கடை அடைப்பு, சுவிட்சு, பூட்டு, உடைந்த கண்ணாடி ஆகியவை நமக்கு. முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் அது கூறுகிறது.

உயிரைத் தொடும் செய்திக்கு வருவோம். குளிர்காலத்தில் காற்றுப்போக்கு இல்லாத குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவியை வைப்பது பெருங்கேடு. அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிப்பவர் அறியாமலே மயங்கி விழுவார். காற்றுத் துளை அமைத்துத் தருமாறு உரிமையாளரை வற்புறுத்துங்கள். குளிருக்கு அஞ்சி அத்துளையைத் துணியால் அடைப்பவர்கள் நாம்தாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்! அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்குவதும் இதே ஆபத்து. இரும்புக் கூடுள்ள கூலருக்கு நில இணைப்பு உண்டா என்று மின்பணியாளரைக் கொண்டு பாருங்கள். நிலவறை அறை மலிவு என்று எவரேனும் அழைத்தால், 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறை நூலகத்தில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர் மாண்டதை நினைவுகூருங்கள்.

நம் பக்கத்துக் கடமையும் சிறிதன்று. பெற்ற நிலையிலேயே அறையைத் திருப்பித் தர வேண்டும். இயல்பான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. உரிய நேரத்தில் உரிமையாளர் வந்து பார்வையிடுவதை மறுக்கலாகாது. இருவருக்கென்று எடுத்த அறையில் ஐவர் தங்கிக்கொண்டு சாக்கடை அடைத்தது என்று முறையிடுவது எப்படிப் பொருந்தும்?

குடிபுகும் அன்றே சுவர், கூரை, குழாய் எல்லாவற்றையும் படமெடுத்து, குறைகளின் பட்டியலில் இருவரும் ஒப்பமிடுங்கள். பின்னர் கூரை ஒழுகினால் வாயால் சொல்லி நிறுத்தாமல், தேதியிட்டு, குறையையும் செய்து தர வேண்டிய நாளையும் குறித்து விரைவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். தபால் ரசீதையும் கடிதப் படியையும் முன்பணம் திரும்பும் வரை வைத்திருங்கள்.