வர்ணம் பூசுமுன்

மின்கிட்டாரின் பாகங்களை ஒரே பெட்டியாக வாங்கி, வீட்டிலேயே பொருத்தி, மெருகேற்றி, வாசிக்கத்தக்க வாத்தியமாக்கிக்கொள்ள விரும்பி என்னிடம் யோசனை கேட்கும் இளைஞர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வர்ணத்தின் அழகும் நாதத்தின் சுத்தமும், வர்ணம் பூசுவதற்கு முன்பு செய்யும் வேலையிலேயே நிர்ணயமாகிவிடுகின்றன. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிகப் பிரயாசை வேண்டியதில்லை. பிளீச்சிங் சரியாக அமையாத துணியில் எவ்வளவு உயர்ந்த சாயத்தை ஏற்றினாலும் அது திட்டுத் திட்டாகவே பிடிக்கும் என்பதைச் சாயப்பட்டறையில் ஒரு நாள் நின்றவரும் அறிவார்.

முதன்முறை முயல்பவர்கள், அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து, பின்னர் டெலிகாஸ்டர் என்ற பெயரில் பிரசித்தி பெற்ற மாதிரியைத் தேர்ந்துகொள்வது உசிதம். தட்டையான உடலோடு கழுத்து பசையின்றி நான்கு திருகாணிகளாலேயே இணைவதால், எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துச் சரிபார்க்கலாம்.

பெட்டி வந்ததும் உப்புத்தாளைத் தேடாமல், எல்லாப் பாகங்களையும் முதலில் வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். இரு ஓரத் தந்திகளின் ஸ்தானத்தில், கழுத்தின் உச்சியிலுள்ள நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை நூலை இழுத்துக் கட்டினால், நூலுக்கும் விரற்பலகையின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி இரு புறமும் சமமாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இல்லையெனில் கழுத்து சாய்ந்திருக்கிறது என்று பொருள். இம்மாதிரியில் தந்தியின் நீளம் 25½ அங்குலம். நட்டிலிருந்து 12-ஆவது பிரெட் வரை அதில் சரிபாதி. மறுபாதி பிரிட்ஜில் சரியாக முடிகிறதா என்று அளந்த பின்னரே துளையிட வேண்டும்.

உப்புத்தாளை 120-இல் தொடங்கி, 180, 240 எனப் படிப்படியாக, மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். பலகைகள் ஒட்டிய இடத்தில் கசிந்து உலர்ந்த பசை சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படாது. ஈரத்துணியால் துடைத்தால், மரம் முழுவதும் கருத்து நிற்க, பசையுள்ள இடம் மட்டும் வெளிறிக் காட்டும். அதை அப்போதே தேய்த்து நீக்காவிடில், சாயம் அங்கே பிடிக்காது. ஈரத்தால் நிமிர்ந்த நார்களையும், மரம் உலர்ந்தபின், நைஸ் தாளால் மெல்லத் தடவி அகற்றிவிட வேண்டும்.

சாயம் பூசுவதற்குப் பனியன் வேஸ்டைவிடச் சிறந்த துணியை நான் கண்டதில்லை. ஆயினும் வெட்டிய ஓரங்களிலிருந்து இழை உதிருமாதலால், துவைத்த வெள்ளை இன்டர்லாக் துணியின் ஓரங்களை உள்ளே மடித்து, உருண்டையாகக் கட்டிக்கொள்வது நலம். லாக்கர் அடிப்பதற்குக் காலம் பார்க்க வேண்டியது அவசியம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று ஊரின் பஞ்சுத் தூசையெல்லாம் ஈரப் பூச்சின்மேல் கொண்டுவந்து சேர்க்கும். ஐப்பசி மழையிலோ, தின்னர் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு வெண்மையாகப் படரும். ஆகவே தை, மாசி மாதங்களின் முற்பகலே உகந்தது. முகக்கவசம் அணிந்து, நெருப்பு அண்டாத திறந்தவெளியில் மெல்லிய பூச்சுகளாக அடித்து, லாக்கரின் வாசனை முற்றும் அடங்கிய பின்னரே மெருகு தேய்க்கலாம்.

அடுத்து மின்பாகங்கள். பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி, எஃகுத் தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்குகிறது. 1831-இல் பாரடே கண்ட தத்துவம் இது. அதே கம்பி, பக்கத்துத் தையல் மிஷினின் மோட்டாரையும் டியூப் லைட்டையும்கூடச் செவிமடுக்கும். உட்குழியில் செப்புத்தாளை ஒட்டி, அதையும் பிரிட்ஜையும் எர்த் வயரோடு பற்றவைத்தால் இரைச்சல் குறையும். எஞ்சியதற்கு, மோட்டாரை விட்டு விலகி அமர்ந்து வாசிப்பதே பரிகாரம்.

இறுதியாக, கழுத்தினுள்ளிருந்து அதன் வளைவைச் சீராக்கும் டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. 12-ஆவது பிரெட்டில் அழுத்தி மீட்டும் ஸ்வரம், அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரத்தைவிட உயர்ந்து ஒலித்தால், பிரிட்ஜின் சேடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும்.

துணியைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் கைகள் நம் ஊரில் ஏராளம்; அக்கைகளுக்கு இந்த வேலை எளிதில் வசப்படும் என்பது என் திடமான நம்பிக்கை. தை மாதத்தில் தொடங்குங்கள். முடிக்கும் தேதியை மட்டும் முன்கூட்டி நிச்சயிக்காதீர்கள்.