கத்திக்கு முன் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் புதிதாக அறுவை சிகிச்சை தொடங்கும் தம்பி, தங்கைகளுக்குக் குச்சனூரிலிருந்து ஒரு மூத்தவன் எழுதுவது:

1. கட்டணத்தை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நெறிமுறையும் அதையே சொல்கிறது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர் உங்கள் பில்லோடு, படுத்திருக்கும் நாட்களின் கூலியையும் கணக்குப் பார்ப்பார். சனிக்கிழமை வேண்டாம் என்று கேட்டால் தேதியை மாற்றிக் கொடுங்கள், சனீஸ்வரன் ஊரில் அது சகஜம். சொன்ன தொகையை மட்டும் மாற்றாதீர்கள்.

2. முதலமைச்சர் காப்பீட்டின் பேக்கேஜை வரிவரியாகப் படியுங்கள். 2009இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012இல் புது வடிவம் பெற்று, 2018இல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்த திட்டம் இது. படுக்கை, மருந்து, சாப்பாடு, உங்கள் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம் எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடக்கம். நோயாளியிடம் தனியாகக் கை நீட்டக் கூடாது.

பணம் வருவதும் நிற்பதும் உங்கள் ஆபரேஷன் நோட்ஸில் இருக்கிறது. இரண்டு பக்கக் குடலிறக்கத்தைச் சரிசெய்துவிட்டு வெறும் ‘ஹெர்னியா’ என்று எழுதினால், ஒரு பக்கத்துக்குத்தான் கேட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் செய்துவிட்டு இரண்டு என்று எழுதினால் அது மோசடி. ஸ்கேன், ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இந்த வேலையை பில்லிங் பையனிடம் தள்ளிவிடாதீர்கள், கையெழுத்து உங்களுடையது.

3. ஆள் அனுப்பியதற்குக் கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். இதில் பேச ஒன்றுமில்லை.

4. சின்னமனூர், உத்தமபாளையம் என்று நர்சிங்ஹோம்களுக்குப் போய் ஆபரேஷன் செய்வீர்கள். உங்கள் பங்கு எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், இன்சூரன்ஸ் வெட்டினால் யார் தலையில் விழும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். வருமான வரிப் பிடித்தத்துக்குச் சான்றும் கேளுங்கள்.

5. சேர்ந்து பேசுங்கள், ஆனால் எதைப் பேசலாம் என்று தெரிந்து பேசுங்கள். 2019 அக்டோபரில் அரசு மருத்துவர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பலரை இடம் மாற்றினார்கள். 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து செய்தது. அவர்கள் சம்பளக்காரர்கள், ஒரே முதலாளியிடம் கேட்டார்கள். தனியாகத் தொழில் நடத்தும் நாம் கூடி ‘இதற்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது’ என்று விலை வைத்தால், 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் மாட்டுவோம். அரிசோனாவில் டாக்டர்கள் கூடி உச்சவரம்பு வைத்ததைக்கூட 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால் இன்சூரன்ஸ் தொகையை வெட்டினால், அதற்குக் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். பேக்கேஜைத் திருத்தச் சொல்லி அரசிடம் மனு கொடுக்கலாம். தனியார் பாலிசிகளில் பணமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் வேண்டும் என்பது 2024இல் காப்பீட்டு ஆணையம் போட்ட விதி. அதை வரவேற்பறையில் ஒட்டி வையுங்கள்.

6. நம் மருத்துவர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்களுக்குத் திரும்பி வந்த கிளெய்ம்களை நோயாளி பெயர் இல்லாமல், காரணத்தோடு எழுதிக் கொண்டுவாருங்கள். ஒருவர் சொன்னால் புலம்பல் என்பார்கள். எல்லாருடையதும் ஒரே தாளில் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.