விதைநெல்லைப்போல் காக்க வேண்டியது: பழைய கணனியின் வன்தட்டை மாற்றும் முறை

இடம்பெயர்ந்தபோது எம்மில் பலர் கையில் எடுத்துவந்தவை காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவையே. சிலர் விதைநெல்லையும் சுமந்துவந்தனர். கட்டிலையும் கதிரையையும் பின்னர் தேடலாம். இவற்றைத் தேட முடியாது என்பதை அன்று நாம் அறிந்திருந்தோம். அதே தெளிவு எமது சங்கக் கணனி விடயத்திலும் தேவை.

சங்கக் கணக்கு, அங்கத்தவர் பட்டியல், உறுதிகளின் படங்கள், முதியவர்கள் சொல்ல எழுதிவைத்த காணி எல்லை விபரங்கள் எல்லாம் அக்கணனியில் உள்ளன. அவற்றைச் சொன்ன முதியவர்களுள் சிலர் இன்று எம்மோடு இல்லை. கணனியைக் கடையில் வாங்கலாம். இவ்விபரங்களை வாங்க முடியாது. இவை இருக்கும் இடமே வன்தட்டு. கடைகளில் இதனை ஹாட் டிஸ்க் என்பர்.

வன்தட்டு ஏன் பழுதடைகிறது?

இதனுள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. அவற்றை வாசிக்கும் முனை, தட்டைத் தொடாமல் மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. அதிர்ச்சி, வெப்பம், திடீர் மின்வெட்டு, வயது ஆகியன இதனைப் பாதிக்கும். கணனி மிக மெதுவாகத் தொடங்குதல், கோப்புகள் திறக்க மறுத்தல் ஆகியவை அறிகுறிகளாக இருக்கலாம். 'டிக், டிக்' என்ற சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மேலும் இயக்கினால் எஞ்சியதும் அழியக்கூடும். அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

எதனை வாங்குவது?

சுழலும் பாகம் எதுவும் இல்லாத 'எஸ்.எஸ்.டி.' பழைய கணனியையும் விரைவாக்கும். வாங்குமுன் கணனியைத் திறந்து பாருங்கள். வன்தட்டில் பூட்டியுள்ள தரவு வயர் ஒடுக்கமானதாயின் அது 'சாட்டா' வகை, 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பொருந்தும். 40 ஊசிகள் கொண்ட அகன்ற பட்டை வயராயின் அது இன்னும் பழைய வகை. சாட்டா நேரடியாகப் பொருந்தாது.

கொள்ளளவையும் கவனியுங்கள். 500 ஜிகாபைட் வன்தட்டை 480 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யில் அப்படியே பிரதி செய்ய முடியாது. பழையதற்குச் சமமானதையோ பெரியதையோ வாங்குவதே இலகு.

செய்முறை

1. முதலில் முக்கிய கோப்புகளை ஒரு பென் டிரைவில் தனியாகப் பிரதி எடுங்கள். மற்ற வேலை பிழைத்தாலும் இவை தப்பும்.

2. புதிய எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. இணைப்பியால் கணனியுடன் இணையுங்கள். இலவச மென்பொருளான குளோன்சில்லாவை வேறொரு வெற்றுப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணனியைத் தொடக்குங்கள். அது முழு வன்தட்டையும் அச்சொட்டாகப் பிரதி செய்யும்.

3. எது மூலம், எது இலக்கு என்பதை இருவர் சேர்ந்து வாசித்து உறுதிசெய்யுங்கள். தயாரிப்புப் பெயர், கொள்ளளவு இரண்டையும் பாருங்கள். இலக்கில் உள்ளவை முற்றாக அழியும். நாமே ஒருமுறை அவசரத்தில் வெற்று வன்தட்டைப் பழையதன்மேல் பிரதி செய்தோம். ஒரு வருடக் கணக்கு அரை மணியில் மறைந்தது. வாய்க்காலை வெட்டுமுன் நீர் எப்பக்கம் பாயும் என்று பார்ப்பவர்கள் நாம். இங்கும் அப்படியே பார்க்க வேண்டும்.

4. பிரதி முடியப் பல மணி நேரம் ஆகலாம். மின்வெட்டு இல்லாத வேளையில் தொடங்குங்கள்.

5. பின்னர் கணனியை நிறுத்தி, மின்வயரைக் கழற்றுங்கள். மடிக்கணனியாயின் பற்றரியையும் கழற்றுங்கள். வெறும் உலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை நீக்கியபின் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுங்கள். முதல் தடவை இயக்கும்போது இரண்டும் ஒன்றாக இணைந்திருக்கக் கூடாது. ஒரே அடையாளம் கொண்ட இரண்டைக் கண்டு கணனி குழம்பும்.

6. கணனி தொடங்கிவிட்டது என்று திருப்தியடைய வேண்டாம். ஒவ்வொரு கோப்புறையிலும் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். முளைக்கிறதா என்று பார்க்காத விதையை நாம் வயலில் இடுவதில்லை.

7. பழைய வன்தட்டை அழிக்காமல், பெயரும் திகதியும் எழுதி, வேறொரு வீட்டில் சில மாதங்கள் வையுங்கள். ஒரே கூரையின் கீழ் உள்ள இரண்டு பிரதிகளும் ஒரே வெள்ளத்தில் போய்விடும்.

இன்னொன்று: புதிய வன்தட்டு பழைய மென்பொருளைப் புதிதாக்காது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவடைந்தது. இத்தகைய கணனியைத் தேவையின்றி இணையத்தில் இணைக்காதிருப்பது நன்று.

இது பெரிய படிப்பு வேண்டிய வேலையல்ல. நிதானமும் இரண்டாவது சோடிக் கண்களும் போதும். வன்தட்டு பழுதடையும் நாளை நாம் தீர்மானிக்க முடியாது. பிரதி எடுக்கும் நாளை நாமே தீர்மானிக்கலாம்.

கலந்துரையாடுவோம்

- எமது சங்கக் கணனியில் உள்ளவற்றுள் மீண்டும் பெற முடியாதவை எவை?
- அவற்றின் இரண்டாவது பிரதி இன்று யாரிடம் உள்ளது?
- இவ்வேலையைப் பழக எமது இளைஞர், யுவதிகளுள் யார் இருவர் முன்வருவர்?