ஸ்கேன் நார்மல், எண்ணம் மட்டும் ஓடுகிறது

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர் வழியாக அத்திப்பள்ளி எல்லைவரை தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஷிப்ட் முடிந்து திரும்பும் பைக்குகளும் இரவு பகலாக ஓடுகின்றன. இந்தப் பாதையில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எல்லை தாண்டினால் பெங்களூரில், அதுவும் ஓசூர் சாலையிலேயே, நிம்ஹான்ஸ் இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. சிக்கல் வீடு திரும்பிய பிறகு தொடங்குகிறது. தையல் பிரித்தாயிற்று, நடமாட்டமும் வந்துவிட்டது. ஆனால் படுத்தால் எண்ணங்கள் நிற்காமல் ஓடுகின்றன, பாத்திரம் விழுந்த சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கோபம் சட்டென்று ஏறுகிறது. அப்போது சுற்றியிருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இவைதான்: ஸ்கேன் நார்மல்தானே, எதையும் யோசிக்காதே, பேசாமல் படுத்துக் கிட. அன்போடு சொல்லப்படும் இந்த மூன்றுமே குணமாவதைத் தள்ளிப்போடக் கூடியவை.

முதலில் ஸ்கேன். விபத்தன்று எடுக்கும் சி.டி. ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் வீக்கத்தையும். உடனே அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவும். ஆனால் வேகமாகப் போன தலை திடீரென நிற்கும்போது மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. அந்தச் சேதம் சி.டி. படத்தில் விழாத அளவுக்கு நுண்ணியது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடல் மண்டையோட்டின் கரடுமுரடான தளத்தின் மேல் இருப்பதால் அது எளிதில் அடிபடுகிறது. பயத்தைக் கட்டுப்படுத்துவதும், ஓர் எண்ணத்தை விட்டு அடுத்ததற்கு நகர்வதும், எதைக் கவனிக்க வேண்டாம் என்று முடிவு செய்வதும் பெரிதும் அந்தப் பகுதியின் வேலைகள். ஆகவே எண்ணம் அடங்காமல் ஓடுவது காயத்தின் அறிகுறியாகவே இருக்கலாம். ‘விபத்தில் சிக்கிய யாருக்கும் அதிர்ச்சி இருக்கும், கால் உடைந்தவருக்கும்தான் தூக்கம் வராது’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதையே ஒப்பிட்டுப் பார்த்தது. தலையில் லேசான காயம் பட்டவர்களில் சுமார் 21 சதவீதத்தினருக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு நோயோ விபத்து அதிர்ச்சி நோயோ இருந்தது. தலையில் அடிபடாமல் கை கால் எலும்பில் காயம் பட்டவர்களில் அது சுமார் 12 சதவீதம். அதிர்ச்சியும் உண்மை, அதற்கு மேல் மூளைக்காயம் சேர்க்கும் பாரமும் உண்மை. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தலைக்காயம் பட்ட 559 பேரை ஓராண்டு தொடர்ந்த மற்றோர் ஆய்வில் (2010) பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு கட்டத்தில் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானார்கள். அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு. ‘எல்லாம் மனசுதான்’ என்று ஒதுக்கிவிட்டால் கிடைத்திருக்க வேண்டிய அந்தச் சிகிச்சையும் கிடைக்காமல் போகிறது.

அடுத்தது ‘யோசிக்காதே’ என்ற அறிவுரை. 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் ஆரோக்கியமான மாணவர்களிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவர்களால் அதை விலக்க முடியவில்லை. தடை நீங்கியதும் முன்பைவிட அதிகமாக நினைத்தார்கள். நல்ல மூளைக்கே அடங்காத எண்ணத்தை, அடக்கும் பகுதியில் அடிபட்ட மூளையிடம் அடக்கச் சொல்கிறோம். முடியாதபோது அந்த மனிதர் தன்னைத்தானே நொந்துகொள்கிறார், ஓடும் எண்ணங்களோடு இன்னொன்று சேர்கிறது. எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல் அதைத் தலையிலிருந்து காகிதத்துக்கு மாற்றுவது பலருக்கு எளிதாக இருக்கிறது: கடன் தவணை, மகளின் ஸ்கூல் ஃபீஸ், சூப்பர்வைசருக்குப் பண்ண வேண்டிய போன் என்று வந்ததை வந்தபடி எழுதி, பகலில் ஒரு நேரம் குறித்து அப்போது மட்டும் அதைப் பார்ப்பது. அடிபட்ட பிறகு நினைவாற்றலும் தடுமாறுவதால், மறந்துவிடுவோமோ என்ற பயத்தாலேயே எண்ணம் திரும்பத் திரும்ப வரும். எழுதி வைத்தால் அந்தப் பயத்துக்குக் காரணம் குறைகிறது. மூச்சும் உதவும். நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில், இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிச் சுவாசிக்கும்போது இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பின் வேலை கூடுகிறது. ஐந்து நிமிடம் போதும். ஆனால் மனம் அமைதியாக வேண்டும் என்று கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தலைக்காயம் ஆறிவரும்போது அவற்றை மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

அதிகம் வேரூன்றிய நம்பிக்கை மூன்றாவதுதான்: இருட்டறை, படுக்கை, முழு ஓய்வு. சில ஆண்டுகள் முன்புவரை மருத்துவர்கள் பலரும் இதையே சொன்னார்கள் என்பதால் குடும்பங்களைக் குறை சொல்ல இடமில்லை. 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, தலையில் லேசாக அடிபட்ட 11 முதல் 22 வயது வரையானவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு ஐந்து நாள் கடும் ஓய்வு; மற்றதற்கு ஓரிரு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக வழக்கமான வேலைகள். கடும் ஓய்வெடுத்தவர்களே அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள், அவை மறையவும் அதிக நாளாயிற்று. 2019-இல் இன்னொரு ஆய்வு, அறிகுறி கூடாத அளவுக்கு நடை, சைக்கிள் போன்ற பயிற்சி செய்த பதின்வயதினர் 13 நாட்களிலும், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாட்களிலும் தேறியதாகக் கண்டது. முதல் ஓரிரு நாள் அளவான ஓய்வு, அதன்பின் மெல்ல மெல்ல நடமாட்டம் என்பதே 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த வழிகாட்டலும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. இவை இளைஞர்களிடம், லேசான காயத்தில் செய்த ஆய்வுகள். மண்டையோட்டைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட நாற்பத்தைந்து வயது லாரி ஓட்டுநருக்கு எப்படிப் பொருந்தும்? நாள் கணக்கு பொருந்தாதுதான். எப்போது எழ வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் கொள்கை மாறுவதில்லை. எலும்பு முறிந்த காலுக்கும் ஒரு கட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்துத்தான் பழக்குகிறார். மாதக்கணக்கில் இருட்டறையில் கிடப்பவரிடம் பகல் தூக்கம் கூடுகிறது, இரவுத் தூக்கம் கெடுகிறது, உடல் தளர்கிறது, எண்ணங்களுக்கு எதிரே சுவரைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. அதே சமயம் தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, குழறல், எழுப்பினால் எழ முடியாத மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் நடைப்பயிற்சியையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வயதானவர்களுக்கு இரத்தக்கசிவு வாரங்கள் கழித்தும் தலைகாட்டலாம்.

பாரத்தை அளந்து கொடுப்பது ஓசூரில் எளிதான காரியமில்லை. காற்று ஹாரன் அடிக்கும் சாலையோரக் குடியிருப்பு, ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் வாடகை அறை, தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என்று வாசலுக்கு வாசல் மாறும் பேச்சு. மொழி மாற்றிப் பேசுவதும் இரைச்சலுக்கு நடுவே கேட்பதும் கவனத்தைக் கேட்கும் வேலைகள். காயத்துக்கு முன் அவை வேலையாகவே தெரிந்திருக்காது. முதல் வாரங்களில் ஒரு நேரத்தில் ஒருவர், வீட்டு மொழியில், டி.வி.யை நிறுத்திவிட்டுப் பேசினாலே அடிபட்டவருடைய படபடப்பு குறையலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தனியாக இருக்கும் தொழிலாளிக்கு இதைச் செய்ய வீட்டார் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இந்தி உட்படப் பல மொழிகளில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும் என்று அவருடைய அறைத் தோழர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு குவார்ட்டர் போட்டால் தூக்கம் வரும் என்பது ஆபத்தான நம்பிக்கை: அடிபட்ட மூளையில் மது வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, தூக்கத்தைத் துண்டாக்குகிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் நினைவையும் நிதானத்தையும் மந்தமாக்கக் கூடும். மந்திரிப்பதையும் தாயத்தையும் பற்றிச் சண்டை போட வேண்டியதில்லை. கோயிலும் தர்காவும் தரும் ஆறுதல் பலருக்கு உண்மையான துணை. ‘காத்து கருப்பு’ என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் மறுத்துவிட வேண்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

‘இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு, லீவு போட்டால் சம்பளம் போய்விடும்’ என்பது இங்கே கடைசியாக வரும் மறுப்பு, மிகக் கனமானதும் அதுவே. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு, காண்ட்ராக்டில் இருந்தாலும், வேலையிடத்து விபத்தென்றால் வேலை செய்ய முடியாத காலம் முழுக்கச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருப்பது நிறுவப்பட்டால், 2010 திருத்தத்திலிருந்து இதில் அடங்கும். நெடுஞ்சாலை 44-இல் அடிபட்ட பலருக்கு இது பொருந்தியும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். ஆனால் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. இ.எஸ்.ஐ. தொகை வேலைக்குப் போகாத நாளுக்கு மட்டும். அரை நாள் போய்ப் பழகுபவருக்கு மீதி அரை நாளுக்குக் கிடையாது. மூளைக்காயத்துக்குத் தேவையானதோ அந்த அரை நாள்தான். ஆகவே சிப்காட் கம்பெனிகளின் மனிதவளத் துறையினர் இதைத் தாங்களே செய்ய முன்வர வேண்டும்: மருத்துவர் சான்றிதழில் எழுதியபடி சில வாரங்களுக்கு நான்கு மணி நேர வேலை, நைட் ஷிப்ட் இல்லை, பிரஸ் ஷாப் இரைச்சலுக்கும் ஓடும் கன்வேயருக்கும் வெளியே ஓர் இடம், முழுச் சம்பளம்.