சாத்துக்குடி ஒட்டுக்கன்று: வேர்ச்செடி எது என்று கேட்டு வாங்குங்கள்

சாத்துக்குடி மரத்தில் இலை வெளுத்தால் உடனே யூரியா மூட்டையைப் பிரிப்பது வழக்கம். உரம் போட்டும் பச்சை ஏறவில்லையென்றால், குறை ஒட்டுக்கட்டிய இடத்திலோ அதற்குக் கீழேயுள்ள வேரிலோ இருக்கக்கூடும்.

ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடிகள் சேர்ந்த ஒரு மரம். மேலே சாத்துக்குடி. கீழே வேர்ச்செடியாக இருப்பது பெரும்பாலும் ரங்பூர் எலுமிச்சை அல்லது ஜம்பேரி. வெயிலைக்கொண்டு மாவுச்சத்தும் சர்க்கரையும் தயாரிப்பது மேலேயுள்ள இலைதான். எவ்வளவு தயாரிக்கும் என்பதில் வேர்ச்செடிக்கும் பங்கு உண்டு.

இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியேறுவதும் இவற்றின் வழியேதான். வேர் அனுப்பும் நீர் போதாதபோது துளைகள் மூடிக்கொள்ளும். உணவுத் தயாரிப்பும் குறையும். கோடை நண்பகலில் எலுமிச்சைக் குடும்ப மரங்களில் இது சாதாரணம். ஜம்பேரி வேர் நீரை விரைவாக ஏற்றும். மரமும் வேகமாக வளரும். ஆனால் பழத்தில் இனிப்பு சற்றுக் குறையும். ரங்பூர் எலுமிச்சை வறட்சியைத் தாங்கும். உவர் நீரிலுள்ள குளோரைடு உப்பை இலைக்கு அதிகம் ஏறவிடாது.

பச்சையம் உருவாக இரும்புச்சத்து வேண்டும். சுக்கான் நிலத்தில் மூவிலை ஆரஞ்சு வேர்ச்செடியால் அதை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலைகள் மஞ்சளாகிவிடும். வேறு நாடுகளில் நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை இந்த நிலத்தில் வைப்பது வீண் செலவு.

இலை தயாரித்த உணவு பட்டை வழியாக ஒட்டைக் கடந்து வேருக்கு இறங்க வேண்டும். இந்த வழி அடைபட்டால் என்னவாகும் என்பதை 1930களிலும் 1940களிலும் அர்ஜென்டினா, பிரேசில் தோட்டக்காரர்கள் கண்டார்கள். அங்கே சாத்துக்குடி வகைகளைப் புளிப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டியிருந்தார்கள். அசுவினி பரப்பும் டிரிஸ்டெசா நச்சுயிரி, ஒட்டுக்குக் கீழேயுள்ள பட்டைக் குழாய்களைக் கெடுத்தது. வேர் பட்டினி கிடந்தது. மேலே இலை பழுத்து உதிர்ந்தது. லட்சக்கணக்கான மரங்கள் மடிந்தன. பின்னர் பிரேசிலில் ரங்பூர் எலுமிச்சை வேருக்கு மாறினார்கள். அந்த ஒட்டு இந்த நோயைத் தாங்கியது.

சந்தேகப்படும் மரத்தில் பென்சில் பருமனுள்ள வேர் ஒன்றை வெட்டி, வெட்டுவாயில் நீர் கலந்த டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். கருநீலமானால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் வேருக்கு உணவு வரவில்லை. ஆனால் அளவுக்கு மீறிக் காய்த்த மரத்திலும், இலை கொட்டிய மரத்திலும் இப்படி ஆகும். பக்கத்திலுள்ள நல்ல மரத்தின் வேரையும் சோதித்து ஒப்பிட வேண்டும். அந்த ஒரு சொட்டை நம்பி மரத்தை வெட்டிவிடக் கூடாது.

கன்று வாங்கும்போது வேர்ச்செடியின் பெயரையும், தாய்மரம் நோயற்றதா என்பதையும் கேட்க வேண்டும். ஒட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். மண் அணைத்து ஒட்டை மூடினால் சாத்துக்குடிப் பட்டை அழுகிப் பிசின் வடியும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களைப் பிஞ்சிலேயே கிள்ளிவிட வேண்டும். விட்டால் வேர்ச்செடியே மேலோங்கி, சாத்துக்குடிக் கிளை சூம்பிவிடும். காய்ப்புக்கு வர நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆவதால், கன்றில் செய்த தவறு அப்போதுதான் வெளியே தெரியும்.