ஐப்பசி மழையும் தட்டான்களும்



தமிழ்ப் பாடத்தில் பெரும்பொழுது ஆறு என்று படித்திருக்கிறோம். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். நம்ம விருத்தாசலத்துக்கு இதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். வெயில் காலத்தில் வெறும் மணலாகக் கிடக்கும் மணிமுத்தாற்றில் தண்ணீர் வரும். பீங்கான் கம்பெனிகளில் கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கு வேலை நடக்கும். இதே சமயத்தில்தான் மைதானம் பூரா தட்டான் பறக்கும். உடனே நம்ம பசங்க நூலைத் தேடுவாங்க. நூல் கட்டுவதற்கு முன்னால் அந்தத் தட்டான் யாரு, எங்கிருந்து வருது என்று தெரிந்துகொள்வோம்.

தட்டானும் ஊசித்தட்டானும்

தட்டானைத் தும்பி என்றும் சொல்கிறோம். ஆனால் சங்க இலக்கியத்தில் வரும் தும்பி வேறு. குறுந்தொகை இரண்டாம் பாட்டில் இறையனார் பேசும் தும்பி, பூவில் தேன் எடுக்கும் வண்டு. நம்ம தட்டான் தேன் குடிக்காது. கொசு, ஈ, சின்னப் பூச்சிகளைப் பறந்துகொண்டே பிடித்துத் தின்னும். ஆறு கால்களையும் கூடை மாதிரி வளைத்து இரையை அள்ளிவிடும். அதற்குக் கொடுக்கும் கிடையாது, நம்மைக் கொட்டவும் கொட்டாது.

இதில் இரண்டு வகை இருக்கு. பக்கத்தில் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள்.

1. உட்காரும்போது இறக்கையை விரித்தே வைத்திருந்தால் அது தட்டான். முதுகின் மேல் மூடி வைத்திருந்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான்.
2. தட்டானுக்குக் கண்கள் பெரிசு. நிறைய வகைகளில் இரண்டு கண்ணும் தலை உச்சியில் ஒட்டியிருக்கும். ஊசித்தட்டானுக்கு ஒரு கண் இந்தப் பக்கம், ஒரு கண் அந்தப் பக்கம் தள்ளி இருக்கும்.
3. தட்டான் உடம்பு தடிப்பு, வேகமாகப் பறக்கும். ஊசித்தட்டான் குச்சி மாதிரி, புல்லோடு புல்லாக மெதுவாகப் பறக்கும்.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

மழை பெய்யும்போது தேடினால் கிடைக்காது. இலைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். மழை விட்டு வெயில் அடிக்கும் காலை நேரம்தான் நல்லது. உடம்பு சூடானால்தான் அதனால் பறக்க முடியும்.

மைதானம், வெட்டவெளி: கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான். லேசில் உட்காராது.
குட்டை ஓரத்துக் குச்சி நுனி: மிளகாய்ப்பழம் மாதிரி சிவப்புத் தட்டான். சிவப்பாக இருப்பது ஆண், பெண் மங்கின மஞ்சள்.
சாக்கடை ஓரம்: இறக்கையில் ஆரஞ்சு நிறம் உள்ள சின்னத் தட்டான். அழுக்குத் தண்ணீரையும் தாங்கும்.
காம்பவுண்டு சுவர், சிமெண்ட் தொட்டி: சாம்பல் நிறத் தட்டான். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. உற்றுப் பார்க்கணும்.
வயல் வரப்புப் புல்: மஞ்சள் ஊசித்தட்டான். அதைவிடச் சின்னதாக, 2 செ.மீ. அளவுள்ளதும் உண்டு.

கடல் தாண்டும் பூச்சி

மேலே சொன்ன மஞ்சள் தட்டானின் அறிவியல் பெயர் பன்டாலா பிளாவெசன்ஸ். எடை அரை கிராம்கூட இல்லை. மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், வருஷா வருஷம் அக்டோபரில் இந்தத் தட்டான்கள் அங்கே திரளாக வருவதைக் கவனித்தார். அந்தத் தீவுகளில் முட்டையிட நல்ல தண்ணீர்க் குட்டைகள் இல்லை. பிறகு எதற்கு வருது? பல வருஷம் குறித்து வைத்துப் பார்த்து, 2009-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து கிளம்பி, வடகிழக்குக் காற்றின் மேல் ஏறி, மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே போகிறது என்பது அவர் கருத்து. போக வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர்! ஒரே தட்டான் போய்த் திரும்புவதில்லை. போகிற இடத்தில் மழைத் தண்ணீரில் முட்டையிடும், அதன் பிள்ளைகள் தொடர்ந்து பறக்கும். பேரன் பேத்திகள் காலத்தில்தான் பயணம் முடியும்.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று பாட்டிமார்கள் சொல்வது சும்மா இல்லை. இந்தத் தட்டான் மழைக் காற்றோடு சேர்ந்தே பயணம் செய்யும் பூச்சி.

தண்ணீருக்குள் பாதி வாழ்க்கை

தட்டான் முட்டையிடுவது தண்ணீரில். முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சிக்கு இறக்கை இல்லை. மடங்கியிருக்கும் கீழ் உதட்டைச் சட்டென்று நீட்டி கொசுப்புழு, தலைப்பிரட்டை எல்லாம் பிடிக்கும். வண்ணத்துப்பூச்சி மாதிரி கூட்டுப்புழுப் பருவம் இதற்கு இல்லை. பல தடவை தோல் உரித்து, கடைசியில் ஒரு நாள் நாணல் மேல் ஏறி, முதுகு வெடித்து, தட்டானாக வெளியே வரும். குட்டை ஓரத்துச் செடியில் காய்ந்த தோல் ஒட்டியிருந்தால் தட்டான் பிறந்த இடம் அதுதான்.

மஞ்சள் தட்டானுக்கு இந்த வளர்ச்சி சுமார் 6 வாரத்திலேயே முடிந்துவிடும். அதனால்தான் தை, மாசியில் வற்றிப்போகும் மழைக்குட்டையும் அதற்குப் போதும். அந்தக் குட்டையில் உடைந்த பீங்கானையும் குப்பையையும் கொட்டி மூடினால் உள்ளே இருக்கும் இளம்பூச்சிகள் எங்கே போகும்?

கொசுவும் தட்டானும்

பர்மாவில் ரங்கூன் நகரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் சிவப்புத் தட்டானின் இளம்பூச்சிகளை விட்டுப் பார்த்தார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நன்றாகக் குறைந்தது. இந்த ஆய்வு 1990-ல் வெளியானது. நம்ம குட்டையில் இருப்பதும் அதே இனம்தான். அதற்காகத் தட்டான் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுத் தொட்டியை மூடாமல் விடக்கூடாது. தொட்டியை மூடுவது நம்ம வேலை, குட்டையைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

வால் இல்லை, வயிறு!

முக்கியமான விஷயம் இதுதான். நாம் நூல் கட்டும் இடம் வால் இல்லை. அது தட்டானின் வயிறு. சோறு செரிப்பது, மூச்சுத் துளைகள், பெண் தட்டானின் முட்டை எல்லாம் அதற்குள்தான். நூலை இறுக்கினால் அது நசுங்கும். கல் தூக்க வைப்பது நமக்கு ஐந்து நிமிஷ விளையாட்டு, அதற்கு உயிர். அந்த வயிற்றில் இருக்கும் முட்டைதான் கடல் தாண்டிப் போக வேண்டிய அடுத்த தலைமுறை.

நாம் செய்ய வேண்டியவை

1. தட்டானைக் கையால் பிடிக்காமல் கண்ணால் பார்ப்போம்.
2. ஒரு நோட்டில் தேதி, இடம், நிறம், இறக்கை விரிந்ததா மூடியதா என்று எழுதுவோம். கார்த்திகை முடிய எழுதினால் நம்ம ஊரில் எத்தனை வகை என்று நாமே சொல்லலாம்.
3. மண் எடுத்த பள்ளங்கள் மழையில் ஆழம் தெரியாது. கரையில் நின்றே பார்க்கணும், தனியாகப் போகக் கூடாது.
4. தம்பி, தங்கச்சி கையில் நூல் இருந்தால், அது வால் இல்லை, வயிறு என்று சொல்லிக் கொடுப்போம்.

சிந்திக்க: மழைக்குட்டை ஒரு மாதத்திலேயே வற்றிவிட்டால் மஞ்சள் தட்டானின் இளம்பூச்சி என்ன ஆகும்?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி