சுவரில் நெட் சாக்கெட் வைக்கப் போறீங்களா?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அன்று உள்கடன் கேட்டு வந்த ஒரு மனுவில், "வீட்டுக்கு நெட் ஒயரிங் செய்ய ரூ. 7,200" என்று எழுதியிருந்தது. ஆடு வாங்க, தையல் மெஷின் வாங்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட என்று மனு வரும். இது புதுசு. ஊக்குநர் அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்து, "இதுக்கெல்லாம் கடன் குடுக்கலாமாங்க?" என்று கேட்டார். எங்களுக்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

மனு கொடுத்த சகோதரியின் நிலைமை இதுதான். மகள் டிகிரி முடித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு கம்ப்யூட்டர் வேலை செய்கிறார். வீட்டுக்குக் கண்ணாடி இழை கேபிள் இணைப்பு வந்துவிட்டது. மோடம் முன்பக்கம் வாசல் அறையில் இருக்கிறது. மகள் வேலை பார்க்கும் அறை பின்னால், பழைய ஓட்டு வீட்டைத் தாண்டி, புதிதாகக் கட்டிய மாடி அறை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அடி கனத்தில் இரண்டு மண் சுவர். வைஃபை அங்கே போய்ச் சேரும்போது பாதி உயிர் போயிருக்கும். வேலை நடுவில் லைன் விட்டுப் போனால் அன்றைய கணக்கில் சம்பளம் பிடிக்கிறார்கள். "மாசத்துல ரெண்டு நாள் சம்பளம் இதுலயே போவுதுங்க" என்றார் அந்த அம்மா. அப்படியானால் இது வீண் செலவுக் கடன் இல்லை, தொழில் கடன்தான். குழு ஒத்துக்கொண்டது. ஆனால் 7,200 ரூபாய் சரியா என்ற கேள்வி மட்டும் நின்றது.

சீட்டைப் பிரித்துப் பார்த்தோம்

ஒயரிங் செய்பவர் கொடுத்த சீட்டை வாங்கிக் கூட்டத்திலேயே வாசித்தோம். சாக்கெட் மூன்று, ஒன்று ரூ. 650 வீதம் ரூ. 1,950. கேபிள் 40 மீட்டர், மீட்டர் ரூ. 45 வீதம் ரூ. 1,800. பைப், சில்லறைச் சாமான் ரூ. 450. சுவர் கொத்தி வேலை செய்யக் கூலி ரூ. 3,000. கூட்டினால் 7,200 சரியாக வருகிறது. கணக்கில் தப்பு இல்லை. ஆனால் கேள்வி கேட்காமல் எழுதிய கணக்கு.

மூன்று சாக்கெட் எதற்கு? மகள் அறைக்கு ஒன்று, டி.வி.க்கு ஒன்று. மூன்றாவது, மாமியார் படுக்கும் அறைக்கு. மாமியாருக்கு போனில் பாட்டுக் கேட்க வைஃபை போதும், அந்த அறையில் சிக்னல் நன்றாகவே வருகிறது. ஒன்று குறைந்தது. சுவரை ஏன் கொத்த வேண்டும்? மண் சுவரைக் கொத்தினால் பூச்சுக்குத் தனிச் செலவு. சுவருக்கு மேலேயே வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் பட்டி அடித்து, அதற்குள் கேபிளை விட்டு, முடிவில் சுவருக்கு மேல் பதிக்கிற சின்ன பாக்ஸ் வைத்தால் வேலை அரை நாளில் முடிந்துவிடும். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதுதான் நல்லது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

பிறகு அந்த அம்மாவும் மகளும் நாங்களும் டவுனில் நான்கு கடை ஏறி இறங்கினோம். சாக்கெட்டின் உள் பாகம் ரூ. 180, முன் பிளேட்டும் பாக்ஸும் சேர்த்து ரூ. 130. இரண்டுக்கு ரூ. 620. கேபிள் 26 மீட்டர், ரூ. 30 வீதம் ரூ. 780. கேசிங் பட்டி ரூ. 220. சாக்கெட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் சின்ன ஒயர், அதை பேட்ச் கார்டு என்பார்கள், இரண்டு ரூ. 240 (முதல் சீட்டில் இது சேர்க்கப்படவே இல்லை). கூலி ரூ. 800. மொத்தம் ரூ. 2,660 ஆனது. உங்கள் ஊரில் விலை கூடும், குறையும். நாங்கள் சொல்ல வருவது விலையை அல்ல, சீட்டைப் பிரித்துப் பார்க்கும் முறையை.

நாங்கள் ஏமாந்த கதை

இதில் எங்களுக்கு அனுபவம் உண்டு, அது நல்ல அனுபவம் அல்ல. எங்கள் அலுவலகத்துக்கு நெட் ஒயரிங் செய்தபோது, கேபிள் மீட்டருக்கு பன்னிரண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று சந்தோஷமாக வாங்கினோம். பார்க்கப் பளபளவென்று விலை உயர்ந்த சாக்கெட் வைத்தோம். சுவர் கொத்தி, பைப் பதித்து, பூசி, வெள்ளையும் அடித்தாச்சு. எட்டு மாதம் ஓடியது. அப்புறம் ஒரு சாக்கெட் வேலை செய்யாது, ஆட்டினால் செய்யும். அடுத்தது மாதாந்திர அறிக்கை அனுப்பும் அன்று பார்த்துப் படுத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் ஒயர் முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தில் வெள்ளி நிறம். செம்பு என்று வாங்கியது அலுமினியம். மேலே மட்டும் செம்பு முலாம்.

பூட்டு விலை உயர்ந்தது, கதவு தகரம் என்ற கதைதான். சாக்கெட் கெட்டால் இரண்டு ஸ்க்ரூ கழற்றி மாற்றிவிடலாம். சுவருக்குள் போன கேபிள் கெட்டால் சுவரை உடைக்க வேண்டும். அதனால் சாக்கெட்டில் சிக்கனம் செய்யுங்கள், கேபிளில் செய்யாதீர்கள்.

கேபிளைக் கடையிலேயே சோதிக்கலாம். பெட்டி மேல் "சி.சி.ஏ." என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். எழுதாமலும் விற்பார்கள். ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். சுரண்டிய இடமும் வெட்டிய முனையும் செம்பு நிறமாகவே இருந்தால் நல்லது. வெள்ளையாகத் தெரிந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அலுமினியக் கம்பி நாலைந்து முறை மடக்கினாலே ஒடிந்துவிடும். கேபிள் மூலமாகவே மின்சாரம் போகும் கண்காணிப்புக் கேமரா வைப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கணும், கம்பி சூடாகும்.

சாக்கெட் வாங்கும்போது

பெரிய குழப்பம் இங்கேதான். சுவிட்ச் கடையில் போய் "நெட் சாக்கெட் குடுங்க" என்றால் சில பேர் டெலிபோன் சாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது ஆர்.ஜே. 11, விலை குறைவு, பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது ஆர்.ஜே. 45. டெலிபோன் சாக்கெட் வாய் சிறியது, உள்ளே இரண்டோ நான்கோ கம்பிதான் இருக்கும். ஆர்.ஜே. 45 வாய் அகலம், உள்ளே எட்டுக் கம்பி வரிசையாகத் தெரியும். எண்ணிப் பாருங்கள். கையில் ஒரு பேட்ச் கார்டு கொண்டு போய்ச் செருகிப் பார்ப்பது அதைவிடச் சுலபம். டெலிபோன் சாக்கெட்டில் அது நுழையாது.

அடுத்து கடைக்காரர் "கேட் 5இ-யா, கேட் 6-ஆ?" என்று கேட்பார். இது தரத்தின் பெயர். இரண்டுமே நூறு மீட்டர் தூரம் வரை ஒரு நொடிக்கு 1,000 மெகாபிட் கொண்டு போகும். நம் வீட்டில் போட்டிருக்கும் பிளான் 50, 100, மிஞ்சிப் போனால் 300 மெகாபிட். ஆகவே கேட் 5இ சாக்கெட்டே போதும். கேபிள் மட்டும் கேட் 6 ஆக இருக்கட்டும் என்பது எங்கள் யோசனை, ஏனென்றால் அதை மறுபடி மாற்றப் போவதில்லை. அதற்கு மேல் கேட் 7, கேட் 8 என்று சொல்லி யாராவது விற்க வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சாக்கெட் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, உள் பாகம் தனி, பிளேட் தனி. கெட்டால் உள் பாகத்தை மட்டும் மாற்றலாம், டி-லிங்க் போன்ற கம்பெனிகள் இப்படித் தருகின்றன. இன்னொன்று, ஆங்கர், லெக்ராண்ட் போன்ற சுவிட்ச் கம்பெனிகளின் மாடுலர் சாக்கெட். வீட்டு சுவிட்ச் போர்டுக்குப் பொருத்தமாக அழகாக இருக்கும், விலையும் அதற்கேற்ப. ஒரு கம்பெனி சாக்கெட் பெரும்பாலும் இன்னொரு கம்பெனி பிளேட்டில் உட்காராது, அதனால் வீட்டில் உள்ள பிளேட்டை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நம் ஊர்த் தூசிக்கு, வாயை மூடும் சின்னக் கதவு வைத்த பிளேட் பத்து இருபது ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை.

பாக்கெட் மேல் இருக்கும் எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். "அதுக்கு மேல ஜி.எஸ்.டி. தனி" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள். கடனுக்குக் குழுவில் காட்டவும் அது வேண்டும், சாமான் சரியில்லை என்றால் கேட்கவும் வேண்டும். கடைக்காரர் கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒயரிங் செய்பவரிடம் சொல்ல வேண்டியது

நம் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பிகள் மின்சார வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் நெட் கேபிள் மின்சார ஒயர் மாதிரி இல்லை. லைட்டுக்கு ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்கு ஒயரை இழுத்துச் சேர்ப்பது போல இதில் சேர்க்க முடியாது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் மோடம் இருக்கும் இடத்திலிருந்து தனிக் கேபிள், நடுவில் ஜாயின்ட் இல்லாமல் வர வேண்டும். அதனால்தான் கடைக்குப் போகும் முன் சணல் கயிறு பிடித்து வழியை அளந்து, ஒவ்வொரு முனைக்கும் ஒரு முழம் கூட்டி எழுதிக்கொள்ளச் சொல்கிறோம். 40 மீட்டர் என்று எழுதியது 26 மீட்டரானது ஒரு சாக்கெட் குறைந்ததாலும், இந்தக் கயிற்றாலும்தான்.

கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைத்துவிடாதீர்கள். "ஒரே பைப்ல விட்டா செலவு மிச்சம் அக்கா" என்பார்கள். உள்ளே ஒயர் தேய்ந்து 230 வோல்ட் இதில் ஏறினால் கம்ப்யூட்டரும் போகும், அதைத் தொட்டவர் உயிருக்கும் ஆபத்து. பைப் தனி, பாக்ஸ் தனி. கொஞ்சம் தள்ளியே போகட்டும். அதேபோல வீட்டுக்கு வெளியே கூரை மேல் இழுக்க வேண்டாம். வீட்டுக்குள் போடும் கேபிளின் தோல் வெயிலில் வெடித்துவிடும், இடி மின்னலுக்கும் பயம்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன், ஒவ்வொன்றுக்கும் வெள்ளை கலந்த துணை. சாக்கெட்டின் பக்கவாட்டில் எந்த நிறம் எங்கே என்று படம் ஒட்டியிருக்கும், ஏ என்று ஒரு வரிசை, பி என்று ஒரு வரிசை. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் இரண்டு முனையிலும் ஒன்றையே எடுக்கணும். கம்பியின் தோலை உரிக்கத் தேவையில்லை. பஞ்ச் கருவியால் அழுத்தினால் சாக்கெட்டின் பல்லே தோலைக் கிழித்துப் பிடித்துக்கொள்ளும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது.

இந்த வேலையை அந்த மகளே செய்தார். முதல் முறை நீலமும் பச்சையும் இடம் மாறிவிட்டது. இரண்டாம் முறை பிரவுன் கம்பி சரியாக அழுந்தவில்லை. அப்போதும் நெட் வந்தது! இதைக் கவனிக்கணும். எட்டில் நான்கு கம்பி சரியாக இருந்தாலே 100 மெகாபிட் வேகத்தில் நெட் வந்துவிடும், "வேலை முடிஞ்சது" என்று காசு வாங்கிப் போய்விடுவார்கள். காசு கொடுக்கும் முன் டெஸ்டர் வைத்து ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிகிறதா என்று பாருங்கள். பிறகு லேப்டாப்பில் நெட்வொர்க் செட்டிங்கில் போய், லிங்க் ஸ்பீடு 1000 என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். 100 என்று காட்டினால் கம்பி காரணமாக இருக்கலாம், மோடமோ லேப்டாப்போ பழசாக இருந்தாலும் அப்படிக் காட்டும். மூன்றாம் முறை எட்டும் எரிந்தது, 1000-ம் வந்தது.

யாருக்கு வேண்டாம்?

எல்லோரும் கிளம்பிவிட வேண்டாம். 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் கட்டும் வீடு 360 சதுர அடி. அதன் நடுவில் மோடத்தை உயரமாக வைத்தால் வைஃபையே மூலை முடுக்கெல்லாம் போகும். பெரிய வீடாக இருந்தாலும் முதலில் மோடத்தை பீரோ பின்னாலிருந்து வெளியே எடுத்து, இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். அதற்குச் செலவில்லை. பேசுவதற்கும் படம் பார்ப்பதற்கும் மட்டும் நெட் என்றால் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். வீட்டில் சம்பளம், படிப்பு, ஜெராக்ஸ் கடை என்று ஏதாவது அதை நம்பி இருந்தால் வாங்கலாம். புதிதாக வீடு கட்டுபவர்கள் இப்போது கேபிள் வாங்காவிட்டாலும், பூச்சுக்கு முன்னால் ஒரு காலி பைப்பை மட்டும் உள்ளே இழுகயிறோடு பதித்துவிடச் சொல்லுங்கள். பின்னால் சுவர் கொத்தும் வேலை இருக்காது.

அந்த சகோதரி கடைசியில் ரூ. 3,000 மட்டும் கடன் எடுத்தார். மூன்று தவணையில் கட்டி முடித்துவிட்டார்.

பஞ்ச் கருவியும் டெஸ்டரும் கூட்டமைப்பு அலுவலகத்தில் இரண்டாவது பீரோவில் இருக்கின்றன. குழுவின் பெயரை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். வாடகை இல்லை, மூன்று நாளில் திருப்பித் தரணும். டெஸ்டருக்கு பேட்டரி மட்டும் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.